மெஷினில் கைத்தையல் மாதிரி குவில்டிங்: கோடு வராமல் புள்ளிதான் வருகிறது, உதவுங்கள்

நூல்கண்டு:
வணக்கம். சின்ன குவில்ட் (அடுக்குத் துணிப் போர்வை) ஒன்று தயாராக இருக்கிறது. மேல்துணி, பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கு), அடித்துணி மூன்றையும் சேர்த்துக் குண்டூசி குத்திவிட்டேன். மூன்றையும் இணைக்கும் குவில்டிங் தையல் மட்டும் கையால் போட்டதுபோல விட்டுவிட்டுத் தெரிய வேண்டும் என்று ஆசை. மணிக்கட்டு வலி இருப்பதால் கையில் தைக்க முடியாது, மெஷின்தான் ஒரே வழி.

மேலே கண்ணுக்குத் தெரியாத நைலான் நூல், பாபினில் (கீழ்நூல் சுற்றும் சின்ன உருளை) கருநீலப் பருத்தி நூல் 50 நம்பர். மேல் டென்ஷனை, அதாவது மேல்நூலின் இறுக்கத்தை, 4-லிருந்து 8-க்கு ஏற்றினேன். நேர்த்தையல், நீளம் 2.5. ஒவ்வொரு ஊசித்துளையிலும் ஒரு நீலப் புள்ளி வருகிறது, அவ்வளவுதான். கோடு, இடைவெளி, கோடு என்று வரவேயில்லை. நைலான் நூலும் அடிக்கடி அறுந்துபோகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

ஊசிமுனை:
தப்பு ஒன்றும் இல்லை. நேர்த்தையலில் அப்படித்தான் வரும். மேல்நூல் இறுக்கமாக இருப்பதால் கீழ்நூலை ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் மேலே இழுக்கிறது. அந்த இழுபட்ட நுனிதான் நீங்கள் பார்க்கும் புள்ளி. துளைக்கும் துளைக்கும் நடுவில் மேலே கிடப்பது நைலான் நூல் மட்டும், அது கண்ணுக்குத் தெரியாது.

கோடு வேண்டுமென்றால் தையலையே மாற்ற வேண்டும். உங்கள் மெஷினின் தையல் பட்டியலில் கைத்தையல் தோற்றத்துக்கென்று தனியாக ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தையல் ஒருமுறை மட்டும் போகும், அடுத்தது அதே இடத்தில் முன்னும் பின்னும் போய்வரும். போய்வரும் இடத்தில் கீழ்நூல் நன்றாக மேலே ஏறிக் கோடாகத் தெரியும், ஒருமுறை போன இடம் இடைவெளியாக நிற்கும். டென்ஷனைக் கடைசி எண் வரை ஏற்றியே பலரும் இதைப் போடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு எண்ணாக ஏற்றி, அதே மூன்று அடுக்கு வைத்த துண்டில் தைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒற்றைத் துணியில் பார்த்த டென்ஷன் பேட்டிங் வைத்ததும் மாறிவிடும்.

பழைய மிதிமெஷின்:
அறுவதைப் பற்றி நான் சொல்கிறேன். நைலான் நூலுக்குச் சுருண்டு குதிக்கும் குணம் உண்டு. ஸ்பூலிலிருந்து தளர்ந்து இறங்கி, ஸ்பூல் கம்பியைச் சுற்றிக்கொள்ளும். நீங்களோ டென்ஷன் என்று நினைப்பீர்கள். ஸ்பூலை மெஷினுக்குப் பின்னால் ஒரு கோப்பையில் வைத்து, கொஞ்ச தூரத்திலிருந்து நூல் வரும்படி செய்து பாருங்கள். நூல் கோக்கும்போது பிரஷர் ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) தூக்கியே இருக்க வேண்டும். இறக்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே உட்காராது.

90/14 அளவில் டாப்ஸ்டிட்ச் என்ற வகை ஊசி போடுங்கள். அதன் கண் பெரியது, நூல் உரசாமல் போகும். அப்புறம் வேகத்தைக் குறையுங்கள். இந்தத் தையல் ஒரே இடத்தில் போய்வருவதால் வேகமாக ஓட்டினால் நூல் தேய்ந்து அறும்.

மேல் டென்ஷன் மட்டும் போதவில்லை என்றால் பாபின் கேஸ் திருகைக் கால் சுற்று தளர்த்தலாம். அதற்கு முன் திருகு நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறிக்காமல் திருகிவிட்டு, பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு மாலை முழுவதும் போனது.

நூல்கண்டு:
இருவருக்கும் நன்றி. அந்தத் தையல் என் மெஷினில் இருக்கிறது! டென்ஷன் 9, கோப்பை வைத்ததிலிருந்து நூல் அறுவதே இல்லை. கோடு வந்துவிட்டது. ஆனால் அடிப்பக்கம் திருப்பினால் நீல நூல் தொடர்ச்சியாக ஓடுகிறது. வளைவுகளில் கோடு ஒன்று நீளம், ஒன்று குட்டை. இது அக்காவின் குழந்தைக்கு, இரண்டு பக்கமும் நன்றாக இருக்க வேண்டும்.

ஊசிமுனை:
அடிப்பக்கம் அப்படித்தான் இருக்கும், அதை மாற்ற முடியாது. பாபின் நூல் அங்கே விடாமல்தான் ஓடும். அடித்துணியை இன்னும் மாற்ற முடிந்தால் நீலம் கலந்த பூப்போட்ட துணி போடுங்கள், நூல் அதில் மறைந்துவிடும்.

வளைவுக்கு ஒன்று: துணியைத் திருப்பும்போது கையால் இழுக்கவே கூடாது. பின்னால் போகும் தையல் என்பதால் ஒரு சின்ன இழுப்பே அளவைக் கெடுத்துவிடும். வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் சேர்த்து நகர்த்தும் பாதம்) போட்டிருந்தால், அது பின்னோக்கிய தையலை ஏற்குமா என்று கையேட்டில் பாருங்கள். எல்லாமும் ஏற்பதில்லை.

பஞ்சுப்பொதி:
குழந்தைக்கு என்று படித்ததும் எழுதுகிறேன், தவறாக நினைக்காதீர்கள். குழந்தை குவில்டில் நைலான் நூல் வேண்டாம். ஒரு முனை அவிழ்ந்து வெளியே வந்தால் மெல்லிய, கையால் எளிதில் அறாத நூல் அது. பிஞ்சு விரலில் சுற்றிக்கொண்டால் இறுக்கிவிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. அதிகச் சூட்டில் அயர்ன் பண்ணினாலும் உருகும்.

மேலே 100 நம்பர் பாலியெஸ்டர் நூல் போடுங்கள், மேல்துணியின் நிறத்திலேயே. எண் கூடக்கூட நூல் மெலிது. துணியோடு கலந்துவிடும், இடைவெளியில் அநேகமாகத் தெரியாது. ஊசியை 80/12-க்கு இறக்கி, டென்ஷனை 6-லிருந்து மறுபடி சோதித்துப் பாருங்கள். நைலானில் போட்ட வரிசையைப் பிரித்துவிடுங்கள்.

நூல்கண்டு:
விரலில் சுற்றும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரொம்ப நன்றி. நேற்று இரவு எல்லாவற்றையும் பிரித்து, வெள்ளை 100 நம்பர் நூலில் மறுபடி ஆரம்பித்தேன். டென்ஷன் 7-இல் கோடு வருகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் இடைவெளியில் வெள்ளை நூல் லேசாகத் தெரியும், கை நீட்டும் தூரத்தில் தெரியாது. வளைவுகளைக் குறைத்து நேர்க்கோடாக்கிவிட்டேன். பருத்திப் பேட்டிங் என்பதால் முதல் துவைப்பில் சுருங்கிச் சற்றே மேடுபள்ளமாகும் இல்லையா, அப்போது இன்னும் கைத்தையல் மாதிரி இருக்குமா?

பஞ்சுப்பொதி:
இருக்கும். பருத்திப் பேட்டிங் சுருங்கும்போது கோடுகள் பள்ளத்தில் இறங்கிவிடும், மீதி வெள்ளையும் மறையும். துவைப்பதற்கு முன் நூல் முனைகளை வெட்டி அப்படியே விடாமல், முடிச்சுப்போட்டு ஊசியால் பேட்டிங்குக்குள் இழுத்துவிடுங்கள்.