புதுப்பிப்பு: வருத்தம் வந்த பூனைக்குக் காப்புறுதி கிடைத்ததா?

சலம் (சிறுநீர்) அடைத்து ஒருமாதிரித் தப்பிய எங்கள் கடுவன் பூனைக்கு இனிக் காப்புறுதி எடுக்கலாமா என்று கிளிநொச்சியிலிருந்து முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காப்புறுதி கிடைக்கவில்லை. இங்கே விசாரித்த முகவர்கள் மாடு என்றால் பேசலாம் என்றார்கள். பூனை என்றதும் சிரிப்புத்தான். லண்டனில் இருக்கும் அக்காவும் தன் பூனைக்காக அங்கே விசாரித்தார். முன்பே வந்த வருத்தத்துக்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டார்களாம். குறிப்பிட்ட காலம் அறிகுறியோ மருந்தோ இல்லாமல் இருந்தால் சில நிறுவனங்கள் மறுபடி யோசிக்கும். அதற்கும் வைத்தியரின் பழைய பதிவுகளைக் கேட்பார்கள்.

கைகொடுத்தது அப்போது பதில் எழுதிய வவுனியா அண்ணா ஒருவர் சொன்ன வழிதான்: காப்புறுதிக்குக் கட்டுப்பணமாகப் போகும் காசை மாதாமாதம் பூனைக்கென்று தனிக் கணக்கில் போடுவது. மிருக வைத்தியர் சொன்னபடி உலர்தீனியைக் குறைத்து, உப்பில்லாமல் அவித்த மீனைத் தண்ணீரோடு கொஞ்சமாகச் சேர்த்து வைக்கிறோம்.

எதிர்பாராத ஒன்று: கிண்ணத்துத் தண்ணீரை முகர்ந்தும் பார்க்காதவர், கிணற்றடி வாளியில் தலைவிட்டுக் குடிக்கிறார். சரி என்று வாளியைக் குசினி வாசலுக்கே கொண்டுவந்துவிட்டோம்.

இனித் தேடி வருபவர்களுக்கு: கடுவன் முக்கியும் சொட்டுச் சலம் வரவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம், ஓரிரு நாளில் உயிரே போய்விடும். நோவுக்கென்று பனடோல் (பரசிற்றமோல்) கொடுக்கவே கூடாது. பூனைக்கு அது நஞ்சு.