ஹோய் ஆன்: நாலு ராத்திரி, ஒரு முதுகுப்பை, ஒரு சூட்

தோணிப்பயணி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. மார்ச் மாதம் மனைவியோடு வியட்நாம் போகிறேன். ஹனோயில் இறங்கி, ரயிலும் பஸ்ஸுமாகத் தெற்கே போகிறதாகத் திட்டம். ஹுயே முடித்து ஹோய் ஆனில் நாலு ராத்திரி. ஆளுக்கு ஒரு 40 லிட்டர் பை. திரும்பி வரும் விமானத்தில் கேபின் பைக்கான 7 கிலோ மட்டும்தான்.

அந்த ஊர் தையலுக்குப் பேர் போனது என்பதால் எனக்கு ஒரு டூ பீஸ் சூட், மூன்று சட்டை, மனைவிக்கு ஒரு ஆவ் யாய் (வியட்நாமியப் பெண்களின் மரபான நீள உடை) தைக்க ஆசை. "24 மணி நேரத்தில் சூட் ரெடி" என்று நிறைய கடைகள் போடுகிறார்களே, நம்பிக் கொடுக்கலாமா? துணி நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என்ன விலை சொன்னால் நியாயம்? மீ சன் கோயில்களை எந்த நாளில் வைத்துக்கொள்வது? இருவரும் சைவம்.

சாலைவழி:

நாலு ராத்திரி போதும், நாள் வரிசை சரியாக இருந்தால். ஊருக்குள் நுழைந்ததும் முதல் வேலை தையல் கடை. பலர் முதல் இரண்டு நாள் விளக்கும் ஆறும் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் அளவு கொடுக்கிறார்கள். பிறகு பஸ் ஏறுகிற காலையில் கடைசி ட்ரையல். கோணல் தெரிந்தாலும் அப்போது திருத்த நேரம் இருக்காது.

ஹோய் ஆனுக்கு ரயிலும் கிடையாது, விமான நிலையமும் கிடையாது. ஹுயேயிலிருந்து காலை ரயிலில் டா நாங் வந்து சேருங்கள், ஏறக்குறைய மூன்று மணி நேரம். ரயில் ஹாய் வான் கணவாயைச் சுற்றி இறங்கும்போது கடல் இடது பக்கம் வரும், அந்தப் பக்க ஜன்னலாகப் பார்த்து எடுங்கள். டா நாங்கிலிருந்து 30 கிலோமீட்டர். க்ராப் ஆப்பில் கூப்பிடும் காரில் மூன்றிலிருந்து நாலு லட்சம் டாங் ஆகும். நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்.

முதல் நாள் மதியம்: இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி, ஒன்றை முடிவு செய்து, துணி எடுத்து அளவு கொடுத்துவிடுங்கள். இரண்டாம் நாள் காலையில் கடையில் உங்களுக்கு வேலை இல்லை, மீ சன் போக அதுதான் நாள். அன்று மாலை முதல் ட்ரையல். மூன்றாம் நாள் காலை சைக்கிளில் ட்ரா குவே காய்கறித் தோட்டங்கள், அப்படியே ஆன் பாங் கடற்கரை, மாலை இரண்டாம் ட்ரையல். நாலாம் நாளைச் சும்மா விடுங்கள். திருத்தம் எதுவும் மிச்சம் இருந்தால் அந்த நாள் கைகொடுக்கும்.

24 மணி நேரத்தில் தைக்க முடியும், தைக்கவும் செய்கிறார்கள். ஆனால் அளவு எடுக்கும் இடமும் தைக்கும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. துணி மூட்டையாகப் பழைய நகரத்துக்கு வெளியே உள்ள தையல்காரர்களிடம் ஸ்கூட்டரில் போகும், ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்துக் காலையில் திரும்பி வரும். தைப்பவர் உங்களைப் பார்த்திருக்கவே மாட்டார். கடைப்பெண் எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் அவருக்கு எல்லாம். அதனால் "கை கொஞ்சம் டைட்" என்று வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். துணி மேலேயே சாக்பீஸ் கோடும் குண்டூசியும் விழ வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் என்று சீட்டில் எண் ஏற வேண்டும்.

ஹோட்டல் ரிசப்ஷன், கார் டிரைவர், தெருவில் "எந்த ஊர்?" என்று பேச்சுக் கொடுத்து "என் அக்கா கடை இருக்கிறது" என்பவர், யார் கூட்டிப்போனாலும் அவர்கள் கமிஷன் உங்கள் பில்லில் சேரும். லே லோய், ட்ரான் ஃபூ தெருக்களில் கடைக்குக் கடை தையல்தான், தனியாக நடந்து போய்ப் பாருங்கள்.

பாலியஸ்டர் கலப்பில் சூட் 120–180 டாலர். கம்பளி கலந்த துணி, உள்ளே அரை கேன்வாஸ் (மார்புப் பகுதிக்கு மட்டும் பசையில்லாமல் தைத்து வைக்கும் விறைப்புத் துணி) என்றால் 200–350. சட்டை 20–35. கடைக்குக் கடை மாறும், ஆனால் 80 டாலருக்குக் "கம்பளி சூட்" என்றால் அது கம்பளி இல்லை.

கத்தரிக்கோல்:

மேலே சொன்ன நாள் கணக்கு சரி. துணி, ட்ரையல் இரண்டையும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

"கேஷ்மியர் வுல்" என்று லேபிள் ஒட்டி அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி பாலியஸ்டர்தான். கடைக்காரர் சம்மதத்தோடு ஓரத்திலிருந்து பாவு நூல் நாலும் ஊடை நூல் நாலும் தனித்தனியாக உருவிக் கொளுத்திப் பாருங்கள். ஒரு திசையில் கம்பளி, மறு திசையில் பாலியஸ்டர் என்று நெய்வதும் உண்டு, அதனால்தான் இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன். கம்பளி முடி கருகும் வாடை அடிக்கும், தீயை எடுத்ததும் அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், ஆறியதும் கருப்பு மணி மாதிரி கெட்டியாகிவிடும். நெருப்பு வைக்க விடாத கடை என்றால் துணியைக் கைக்குள் பத்து எண்ணும் வரை கசக்கி விடுங்கள். கம்பளி மெல்ல விரிந்து சுருக்கம் தளரும். நம் வெயிலுக்குச் சதுர மீட்டருக்கு 240–260 கிராம் எடையுள்ள துணி போதும். நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். நேவி ப்ளூ என்று எடுத்தது வெளியே கருப்பாக இருக்கும்.

அடுத்தது உள்ளே வைக்கும் துணி. விலை குறைந்த சூட்டில் முன்பக்கம் முழுக்கப் பசை வைத்த ஃப்யூசிங். இஸ்திரிச் சூடும் ஈரக் காற்றும் சேர்ந்து அந்தப் பசையை விடுவித்தால் மார்புப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. அரை கேன்வாஸ் கேளுங்கள். கேட்டது வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, கோட்டின் மேல் காஜாவுக்குப் பக்கத்தில் வெளித்துணியை ஒரு கையிலும் உட்துணியை மறு கையிலும் கிள்ளிப் பிரியுங்கள். நடுவில் மூன்றாவதாக ஒன்று தனியே நழுவினால் கேன்வாஸ் இருக்கிறது. லைனிங் முதுகில் பாதி போதும், விஸ்கோஸ் என்றால் வேர்வைக்கு நல்லது.

பில்லில் துணித் துண்டை ஸ்டேப்ளர் அடிக்கச் சொல்லுங்கள். பட்டன் எத்தனை, பின்பக்கத் திறப்பு ஒன்றா இரண்டா, லேப்பல் (கோட்டின் மார்பில் மடிந்து விழும் பட்டி) அகலம் எத்தனை சென்டிமீட்டர், பாக்கெட் வகை, லைனிங் நிறம், உள்ளே விடும் தையல் துணி, எல்லாம் எழுத்தில் வர வேண்டும். கடைசியாகச் சொன்னது முக்கியம். முதுகு நடுத்தையலிலும் பேன்ட் பின்தையலிலும் ஒரு அங்குலமாவது உள்ளே விடச் சொல்லுங்கள். ஒட்ட வெட்டிவிட்டால் பிறகு இடுப்பு அரை அங்குலம் கூடினாலும் பிரித்துவிட முடியாது.

ட்ரையலில் முதலில் தோள். அங்கே தப்பு இருந்தால் கையைக் கழற்றித் தோளையே மறுபடி வெட்ட வேண்டும், அதனால்தான் கடையில் "பிரஸ் பண்ணினால் சரியாகிவிடும்" என்பார்கள். சரியாகாது. கோட்டின் தோள் உங்கள் தோள் எலும்பு முடிகிற இடத்தில் முடிய வேண்டும், வெளியே தள்ளி நின்றால் கை தொடங்கும் இடத்தில் பள்ளம் விழும். அடுத்து பின் கழுத்து: சட்டைக் காலருக்கும் கோட்டுக் காலருக்கும் இடையே சந்து தெரியக் கூடாது.

பிறகு கை. விறைத்து நிற்காமல் சாதாரணமாகத் தொங்க விட்டு, பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். மேல்கையின் முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ சாய்வாகக் கோடு கோடாகச் சுருக்கம் ஓடினால், கையை இணைத்த கோணம் உங்கள் நிற்கும் வாகுக்குப் பொருந்தவில்லை. கையைப் பிரித்து ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் திருப்பித் தைத்தால் தீரும். இதை முதல் ட்ரையலிலேயே சொல்ல வேண்டும். கை நீளம் உறுதியாகும் வரை மணிக்கட்டில் காஜா வெட்ட விடாதீர்கள். வெட்டிய பிறகு கீழே குறைத்தால் பட்டன் விளிம்பில் போய் உட்காரும். சட்டைக் கை ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரிவது அழகு.

நடு பட்டனைப் போட்டதும் அதைச் சுற்றி பெருக்கல் குறி மாதிரி இழுத்தால் இடுப்பு இறுக்கம். உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், குனிந்து ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி பாருங்கள்.

முதுகுப்பைக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பேன்ட் நீளம். செருப்பும் டி-ஷர்ட்டுமாக நின்று அளவு கொடுத்தால் ஷூ போடும்போது இரண்டு சென்டிமீட்டர் குட்டை. ஷூ கொண்டுபோக முடியாவிட்டால், வீட்டில் ஷூவோடு போட்டுச் சரியாக இருக்கும் பேன்ட்டின் உட்கால் நீளத்தை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். சட்டைகளில் முதலில் ஒன்றை மட்டும் தைக்கச் சொல்லி, துவைத்துப் போட்டுப் பார்த்து, பிறகு மற்ற இரண்டு. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், காலரில் இரண்டு விரல் நுழைகிற இடம் வேண்டும்.

மயில்கண்:

ஆவ் யாய் பற்றி யாரும் சொல்லவில்லையே. அதில் கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வாக ஒரு தையல் ஓடும். உடம்போடு ஒட்ட வெட்டுகிற உடை என்பதால் அளவு நிறைய எடுப்பார்கள். உங்கள் மனைவி எந்த உள்ளாடையோடு போடப் போகிறாரோ அதைப் போட்டுக்கொண்டே அளவு கொடுக்க வேண்டும், மார்பு அளவு அதில்தான் மாறுகிறது. எந்த உயரச் செருப்போடு என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். பக்கத் திறப்பு இடுப்புக்கு மேலேயே தொடங்கும், அந்த இடத்தில் ஒரு விரற்கடை சருமம் தெரிவதுதான் வழக்கம். வேண்டாம் என்றால் பேன்ட்டின் இடுப்பை உயர்த்தித் தைக்கச் சொல்லலாம், தயங்காமல் கேட்கட்டும். கழுத்துப் பட்டி நிமிர்ந்து நிற்கும் வகை. தலையைக் குனிந்து, திருப்பிப் பார்த்து, குத்துகிறதா என்று முதல் ட்ரையலிலேயே சொல்ல வேண்டும்.

சந்தையில் "சில்க்" என்று மின்னுவது பெரும்பாலும் பாலியஸ்டர் சாட்டின். நூல் கொளுத்தும் சோதனை பட்டுக்கும் அப்படியே பொருந்தும், அதே முடி வாடை, அதே பொடிச் சாம்பல். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் ஜப்பான், சீன வணிகர்கள் பட்டு வாங்க வந்து தங்கிய துறைமுகம் இது. பக்கத்தில் மா சாவ் என்ற பட்டு நெசவு ஊரும் இருக்கிறது, ஆகவே நல்ல பட்டு கேட்டால் கிடைக்கும், விலைதான் கூடும்.

புடவைக்கு ரவிக்கையும் அங்கேயே தைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். கப் வெட்டும் ஹூக் பட்டியும் அவர்கள் கைக்குப் பழக்கம் இல்லாதவை. துணியை வாங்கி வந்து ஊரில் தையுங்கள்.

தோணிப்பயணி:

மூவருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. மனைவியிடம் வாசித்துக் காட்டிவிட்டேன். சூட்டைப் பையில் எப்படி வைப்பது? சாப்பாடு, மீ சன் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள்.

சாலைவழி:

சூட் ஒன்றரை கிலோ வரும். கோட்டின் ஒரு தோளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மறு தோளை அதற்குள் நுழையுங்கள். நீளவாக்கில் மடித்து, நடுவில் பேன்ட்டை வைத்து, துணிப் பையில் போட்டு முதுகுப்பையின் மேல் தட்டில் வையுங்கள். எடை இடித்தால் கோட்டை மாட்டிக்கொண்டே விமானம் ஏறலாம். மலிவு விமானங்களில் கேட் வாசலில் எடை போடுவார்கள், கூடுதல் பேக்கேஜை முன்பே ஆன்லைனில் எடுப்பது மலிவு. கடை மூலம் கப்பலில் அனுப்பினால் மாதக்கணக்காகும், சுங்க வரியும் கேட்கலாம்.

சாப்பாட்டுக்கு "ஆன் சாய்" என்று கேளுங்கள், சைவம் என்று புரிந்துகொள்வார்கள். பலகையில் "சாய்" என்று போட்ட கடைகளில் மீன் சாஸ் சேராது, மற்ற கடைகளில் காய் வதக்கலிலும் அது விழும், "மீன் சாஸ் வேண்டாம்" என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஊரின் பேர்போன நூடுல்ஸான காவ் லாவ் பன்றி இறைச்சியோடு வரும், சாய் கடைகளில் டோஃபு போட்டுத் தருவார்கள். வொய்ட் ரோஸ் கொழுக்கட்டைக்குள் இறால்.

மீ சன் 40 கிலோமீட்டர், நுழைவு 1,50,000 டாங். பத்து மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் வெயிலும் கூட்டமும் சேரும், விடியலில் கிளம்புங்கள். மத்திய வியட்நாமை ஆண்ட சாம் அரசர்கள் 4-ஆம் நூற்றாண்டு முதல் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரமே போய்விட்டது. ஏ, எச், கே என்று பெயரிட்ட கோயில் தொகுதிகளை இந்தியத் தொல்லியல் துறை 2017 முதல் 2022 வரை புதுப்பித்தது, 2020-இல் அந்த வேலையின்போதுதான் ஒரே கல்லாலான 9-ஆம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று வெளிப்பட்டது. ஏ தொகுதியை நின்று நிதானமாகப் பாருங்கள்.

பணம் கொடுக்கும்போது 20,000 டாங், 5,00,000 டாங் தாள்கள் இரண்டுமே நீலம். மங்கிய விளக்கில் ஒன்று மற்றதாகத் தெரியும். ஹோய் ஆனின் ஜப்பானியப் பாலம் படமாகப் போட்டது 20,000. கடைக்கு முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம், மீதி கடைசி ட்ரையலில். கார்டு என்றால் 3 சதவீதம் கூட்டுகிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

நெய்தல்_66:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நவம்பரில் போனால் இதே திட்டம் ஒத்துவருமா?

கத்தரிக்கோல்:

முடிந்தால் மாற்றுங்கள். அக்டோபர், நவம்பரில் து போன் ஆறு பெருகி ஆற்றோரத் தெருக்களில் ஏறிவிடும். தான் கீ பழைய வீட்டின் சுவரில் எந்த ஆண்டு எவ்வளவு தண்ணீர் என்று கோடு போட்டே வைத்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் கடைக்காரர்கள் துணிக் கட்டுகளை மாடிக்கு ஏற்றுவதில் இருப்பார்கள், உங்கள் ட்ரையல் நாள் தள்ளிப்போகும், தையல்காரரிடம் போன துணி திரும்பவும் தாமதமாகும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வானிலை நல்லது, ஆனால் டெட் புத்தாண்டு வாரம் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்து அதைத் தவிர்த்துவிடுங்கள், தைப்பவர்கள் எல்லாரும் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள். நவம்பர்தான் என்றால் ஒரு வாரம் ஒதுக்குங்கள், தங்குமிடத்தை ஆற்றை ஒட்டி எடுக்காமல் உள்ளே தள்ளி எடுங்கள்.