கடவில் எத்தனை படி தெரிகிறது?

குழு: ஆற்றங்கரை வீடு
2021 நவம்பர் 12, வெள்ளி

மாலை 4:40 – பேச்சிப்பாறை மாமா
இங்கே நேற்று ராத்திரி பிடித்த மழை இன்னும் விடவில்லை. ரப்பர் பால்வெட்டு நின்று நாலு நாள் ஆகிறது, அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு. குற்றியாறு தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறது, மோதிரமலை, கோதையாறு பக்கத்து ஆட்கள் இறங்கவும் முடியாது, நாம் ஏறவும் முடியாது. அணைக்கு வருகிற தண்ணீரின் நிறமே மாறிவிட்டது, காலையில் பாலில்லாத கட்டன்சாயா நிறம், இப்போது செம்மண் குழம்பு. கீழே இருப்பவர்கள் கவனமாக இருங்கள் மக்களே.

மாலை 4:52 – வைக்கல்லூர் மாமி
இங்கேயும் மழைதான் அத்தான். ஆற்றில் தண்ணீர் கூடிக் கிடக்கிறது, ஆனாலும் நம்ம கடவில், ஆற்றுக்கு இறங்குகிற படித்துறையில், ஒன்பது படி தெரிகிறது. பயப்பட ஒன்றும் இல்லை என்று அத்தை சொல்கிறார்கள்.

மாலை 4:55 – சென்னை தம்பி
மாமா, புயல் சின்னம் நேற்றே இங்கே கரையைக் கடந்துவிட்டதே? டிவியில் ஒரு வாரமாகச் சென்னை வெள்ளம் மட்டும்தான் ஓடுகிறது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாலை 5:03 – பேச்சிப்பாறை மாமா
அங்கே கடந்துவிட்டால் இங்கே முடிந்தது என்று அர்த்தம் இல்லை. கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று மலையில் முட்டி இங்கேயே கொட்டிவிடும். மலைக்கும் கடலுக்கும் நடுவில் நமக்கு இருப்பது கொஞ்சம் இடம்தான், கொட்டுகிற தண்ணீர் பரந்து ஓட வழி கிடையாது. மேல்கோதையாற்றுக்கு அந்தப் பக்கம் காக்காச்சியில் 1992 நவம்பரில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டர் கொட்டியது, அதே மலைதான் இது. போதாததற்குப் போன மாச மழையிலேயே அணைகள் நிறைந்து கிடக்கின்றன. வருகிற தண்ணீரைப் பிடித்துவைக்க இனி இடம் இல்லை, வந்தது அப்படியே போகும்.

மாலை 5:20 – திற்பரப்பு சித்தி
அருவியில் கல்மண்டபம் பாதி மறைந்துவிட்டது. பிள்ளைகள் குளிக்கிற நீச்சல் குளம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது.

மாலை 5:31 – நான்
மாமி, ஒன்பது படி என்பது எத்தனை மணிக்குப் பார்த்தது?

மாலை 5:38 – வைக்கல்லூர் மாமி
மதியம் மாட்டுக்குப் புல் எடுக்கப் போனபோது.

மாலை 5:39 – நான்
இப்போது ஒரு தடவை பாருங்கள் மாமி. உங்கள் வீட்டு மாமா போய்ப் பார்க்கட்டும், நீங்கள் வழுக்குகிற இடத்தில் இறங்க வேண்டாம்.

மாலை 5:58 – வைக்கல்லூர் மாமி
ஆறு படி.

மாலை 6:01 – நான்
மூன்று படி ஏறியிருக்கிறது, அதுவும் அணையிலிருந்து பெரிதாக எதுவும் வருவதற்கு முன்னாலேயே. மாமா சொன்ன செம்மண் தண்ணீர் இன்னும் நம்ம ஊருக்கு வந்து சேரவில்லை. குழித்துறையில் நான் வேலை முடிந்து வரும்போது பார்த்தேன், சப்பாத்துத் தரைப்பாலத்தின் கைப்பிடி மட்டும் தெரிகிறது, அந்தப் பக்கம் போகக்கூடாது என்று கயிறு கட்டியிருக்கிறார்கள். மூவாற்றுமுகத்தில் கோதையாறும் பரளியாறும் சேருகிற இடத்துக்குக் கீழே இருக்கிறவர்களுக்குப் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு எல்லா அணைத் தண்ணீரும் ஒரே ஆற்றில்தான் வரும். ஒரு அணையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

மாலை 6:20 – துபாய் அண்ணன்
செய்தியில் ஏதோ கன அடி, கன அடி என்கிறார்கள். எனக்கே புரியவில்லை, பாட்டிக்கு எப்படிப் புரியும்? வீட்டு முற்றத்துக்கு வருமா வராதா என்று யாராவது சொல்லுங்கள்.

மாலை 6:29 – நான்
ஒரு கன அடி என்றால் நொடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர். பத்தாயிரம் கன அடி என்றால் ஒவ்வொரு நொடியும் இருபது, முப்பது டேங்கர் லாரித் தண்ணீர் நம்ம வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி அண்ணா. பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, சிற்றாறு இத்தனை அடி என்று தினமும் பேப்பரில் போடுகிறார்கள், அதை வைத்துக் கடவில் எத்தனை படி மூழ்கும் என்று ஒருவரும் சொல்வதில்லை. அதனால் நாமே செய்வோம். மாமா மேலே ஷட்டர் எப்போது தூக்குகிறார்கள் என்று எழுதட்டும், சித்தி திற்பரப்பில் கல்மண்டபத்தைப் பார்த்து எழுதட்டும், நான் குழித்துறைப் பாலத்தைச் சொல்கிறேன், வைக்கல்லூர் மாமா அரை மணிக்கு ஒரு தடவை படியைச் சொல்லட்டும், அக்கா தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலில் சேருகிற பொழியைப் பார்க்கட்டும். ‘காலை வணக்கம்’ படம், பிரார்த்தனைச் செய்தி எதுவும் இன்றைக்கு இங்கே வேண்டாம், முக்கியமான செய்தி மேலே ஓடிப்போய்விடும்.

மாலை 6:44 – தேங்காப்பட்டணம் அக்கா
பொழியில் அலை பலமாக அடிக்கிறது. வெளுத்தவாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, இன்னும் ஆறு நாள் இருப்பதால் கடல் ஏற்றம் பெரிதாக இருக்காது என்று மாமனார் சொல்கிறார், அது ஒரு ஆறுதல். ஆனாலும் கடல் ஏறி நிற்கிற நேரத்தில் ஆற்றுத் தண்ணீரை உள்ளே வாங்காது, அது திரும்பி வைக்கல்லூர், பரக்காணி, மங்காடு பக்கம்தான் ஏறி நிற்கும். வாழைத்தடியும் மரக்கிளையும் ஒதுங்குகின்றன. ஒரு முழு ஏத்தன் வாழைக்குலை மிதந்து வந்தது, யாருடைய விளையில் நின்றதோ.

இரவு 7:50 – பேச்சிப்பாறை மாமா
சங்கு ஊதிவிட்டார்கள். ஷட்டர் தூக்குகிறார்கள்.

இரவு 7:52 – நான்
மாமா, இங்கே வர எவ்வளவு நேரம் ஆகும்?

இரவு 7:57 – பேச்சிப்பாறை மாமா
ஆறு ஏற்கெனவே நிறைந்து ஓடுகிறதால் சீக்கிரம் இறங்கும். மூன்று, நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள். பதினொரு மணிக்கு மேல் அம்மா அந்த வீட்டில் இருக்கக்கூடாது. தம்பி, இதைப் படித்தாயானால் பதில் போடு.

இரவு 8:04 – வைக்கல்லூர் மாமா
படித்தேன் அண்ணே. நாலு படி. அம்மா வரமாட்டேன் என்கிறார்கள். பேசவைக்கிறேன்.

இரவு 8:06 – வைக்கல்லூர் மாமா (குரல் பதிவு)
“நான் இந்த ஆற்றை அறுபது வருசமாகப் பார்க்கிறேன். முற்றத்துக்கு வரும், திண்ணையில் கால் வைக்காது. ராத்திரியில் பள்ளிக்கூடத்தில் போய் யார் கிடப்பது? பசுவுக்குக் கன்று போடுகிற மாசம் ஆகிறது. அதை யார் பார்ப்பது? நீங்கள் எல்லாரும் போங்கள், நான் மச்சில் ஏறி இருந்துகொள்கிறேன்.”

இரவு 8:11 – நான்
பாட்டி, மச்சில் ஏற வேண்டாம். ஓட்டு வீடு, மண்சுவர் பாதி இருக்கிறது. தண்ணீர் வந்து நின்று ஊறினால் வடிகிற நேரத்தில்தான் சுவர் சாயும். நீங்கள் பார்த்த வெள்ளத்தில் எல்லாம் கரையில் இத்தனை மதில் கிடையாது, வயல் ஏலாவில் பரந்து போக இடம் இருந்தது. இப்போது ஏலா முக்கால்வாசி வீடாகவும் வாழைத் தோட்டமாகவும் மாறிவிட்டது. அதே தண்ணீர் இன்றைக்கு ஒரு முழம் கூடுதலாக ஏறும்.

இரவு 8:19 – திற்பரப்பு சித்தி
அம்மா, நான் சொல்கிறதைக் கேளுங்கள். கல்மண்டபம் முழுசாக மறைந்துவிட்டது. இத்தனை வருசத்தில் இதை நான் பார்த்தது இல்லை. பயமாக இருக்கிறது அம்மா.

இரவு 8:33 – வைக்கல்லூர் மாமா
சித்தி போட்டதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்து பெட்டியைத் திறந்து ஆதார், ரேஷன் கார்டு, பட்டா எல்லாம் பாலித்தீன் பையில் கட்டச் சொன்னார்கள். வருகிறார்கள். ஆனால் பசுவை விட்டுவிட்டு வரமாட்டார்களாம்.

இரவு 8:35 – நான்
பசுவையும் முன்னாலேயே நடத்திக் கொண்டுபோங்கள், பள்ளிக்கூட மேட்டில் கட்டலாம். பக்கத்து வீடுகளில் தொழுவத்தில் மாடு நின்றால் கயிற்றை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள், கட்டின மாடுதான் வெள்ளத்தில் சாகும். மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், கேஸ் சிலிண்டரை மூடி உயரத்தில் கட்டிவையுங்கள். பாட்டியின் பிரஷர் மாத்திரை, கண்ணாடி, ஒரு கம்பளி. மற்றது எதுவும் வேண்டாம். நெல்மூட்டையைத் தூக்குகிறேன் என்று நேரத்தைப் போக்க வேண்டாம் மாமா.

இரவு 9:26 – சென்னை தம்பி
‘பேச்சிப்பாறை அணை உடைந்துவிட்டது, அனைவருக்கும் பகிரவும்’
(முன்னனுப்பியது)
இது உண்மையா??

இரவு 9:28 – பேச்சிப்பாறை மாமா
பொய். நான் அணையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன். 1906-இல் கட்டி முடித்த கல்லணை, தூக்கினது ஷட்டர்தான், அணைக்கு ஒன்றும் இல்லை. இதை யாருக்கும் அனுப்பாதே. ராத்திரியில் இதைப் படித்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெரியாத பக்கம் ஓடுவார்கள், ஓடுகிற இடத்தில்தான் பள்ளமும் சானலும் இருக்கும்.

இரவு 9:30 – சென்னை தம்பி
அழித்துவிட்டேன் மாமா. மன்னித்துக்கொள்ளுங்கள். நான் நாளைக்கு ரயிலில் கிளம்பி வரட்டுமா?

இரவு 9:34 – நான்
வேண்டாம். இந்த மழையில் நாகர்கோவில்–திருவனந்தபுரம் பாதையில் எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. நீ அங்கிருந்தே மாநில அவசர எண் 1070-க்குப் பேசு, இங்கே லைன் கிடைக்கவில்லை. வைக்கல்லூர் கடவுக்குப் பக்கத்தில் ஏழு வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், அதில் ஒரு வீட்டில் பிறந்து பத்து நாள் ஆன குழந்தை என்று சொல்.

இரவு 10:15 – வைக்கல்லூர் மாமி
பள்ளிக்கூடம் வந்துவிட்டோம். பசுவும் வந்துவிட்டது. வழியில் முழங்கால் தண்ணீர். படி ஒன்றும் தெரியவில்லை. அறிவிப்பு வண்டி இப்போதுதான் மைக்கில் சொல்லிக்கொண்டு போகிறது, நாங்கள் தண்ணீரில் நடந்து வந்து ஏறின பிறகு.

இரவு 10:40 – தேங்காப்பட்டணம் அக்கா
அந்தக் குழந்தை வீட்டுக்கு இங்கிருந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஃபைபர் வள்ளத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டு மேட்டு ரோடு வழியாக வருகிறார்கள், ஆற்றில் எதிர்த்து வர முடியாது. 2018-இல் கேரள வெள்ளத்துக்கு வள்ளம் கொண்டுபோன அதே ஆட்கள். ஒக்கி புயல் அடித்தபோது கடலுக்குப் போனவர்களுக்காக ராப்பகலாகக் கரையில் நின்றவர்கள் இவர்கள், யாரும் போய்க் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் யாராவது டார்ச் அடித்து வழி காட்டுங்கள்.

2021 நவம்பர் 13, சனி

அதிகாலை 1:25 – வைக்கல்லூர் மாமா
குழந்தையும் தாயும் வந்துவிட்டார்கள். ஏழு வீட்டு ஆட்களும் வந்தாயிற்று. போன் சார்ஜ் 6 சதவீதம். அணைத்து வைக்கிறேன்.

காலை 6:10 – நான்
இரணியல் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் எல்லாம் நின்றுவிட்டது. தம்பி, நல்லவேளை நீ கிளம்பவில்லை. குழித்துறையில் ஆறு எது, ரோடு எது என்று தெரியவில்லை.

காலை 7:45 – வைக்கல்லூர் மாமி
வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்தோம். ஜன்னல் பாதி வரை தண்ணீர். தொழுவத்துச் சுவர் விழுந்துவிட்டது. ஏத்தன் வாழை ஒன்று நிற்கவில்லை, ஓணத்துக்குப் பிறகு வைத்தது. மரச்சீனிக் கிழங்கு அழுகித்தான் போகும். அத்தை பார்த்துவிட்டு அழவில்லை. திண்ணை எங்கே என்று மட்டும் கேட்டார்கள்.

காலை 7:58 – பேச்சிப்பாறை மாமா
அம்மா பக்கத்தில் இருங்கள். நான் ரோடு திறந்ததும் வருகிறேன். திண்ணையை நான் கட்டித் தருகிறேன் என்று சொல்லுங்கள். ஒக்கியில் என் ரப்பர் மரம் சாய்ந்தபோது அம்மா மாலையை விற்றுத்தான் கன்று வாங்கித் தந்தார்கள்.

காலை 8:20 – நான்
தண்ணீர் வடிந்ததும் செய்ய வேண்டியது, மறக்காமல் படியுங்கள். சுத்தம் பண்ணுவதற்கு முன்னால் வீடு, வாழை, தொழுவம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள், வில்லேஜ் ஆபீசில் கேட்பார்கள். கிணற்றுத் தண்ணீரை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். வெறுங்காலோடு சேற்றில் இறங்கக்கூடாது, எலிக்காய்ச்சல் வரும், காலில் புண் இருக்கிறவர்கள் இறங்கவே வேண்டாம். தடுப்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்குங்கள், நீங்களாகக் கடையில் வாங்கிப் போட வேண்டாம். பாயையும் விறகையும் கையால் தூக்காமல் கம்பால் புரட்டுங்கள், பாம்பு ஒதுங்கியிருக்கும். கரண்டை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடவே கூடாது.

காலை 8:31 – துபாய் அண்ணன்
பணம் அனுப்பியிருக்கிறேன். பாட்டி சாப்பிட்டார்களா?

காலை 8:40 – வைக்கல்லூர் மாமி
பள்ளிக்கூடத்தில் உப்புமா கொடுத்தார்கள். பசு தின்ற பிறகுதான் சாப்பிடுவேன் என்று இருந்தார்கள். தேங்காப்பட்டணத்து ஆட்கள் திரும்பிப் போவதற்கு முன்னால் புல் அறுத்துக் கொண்டுவந்து போட்டார்கள். அதற்கு அப்புறம் சாப்பிட்டார்கள்.

பகல் 12:50 – பேச்சிப்பாறை மாமா
இங்கே மழை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. ஷட்டரை இறக்கிக் குறைக்கிறார்கள். ஆனால் மேலே மலை இன்னும் கருத்துதான் கிடக்கிறது, யாரும் வீட்டுக்குத் திரும்ப அவசரப்பட வேண்டாம்.

பகல் 1:15 – திற்பரப்பு சித்தி
கல்மண்டபத்தின் மேல்தளம் தெரிகிறது.

பகல் 1:17 – நான்
சரி சித்தி. வைக்கல்லூர் மாமா, போன் சார்ஜ் ஆனதும் கடவைப் பாருங்கள். கிட்டே போக வேண்டாம், மேட்டில் நின்று பார்த்தால் போதும்.

மாலை 5:05 – வைக்கல்லூர் மாமா
ஒரு படி.