பாரிஸ் பக்கத்துல சான் தெனி ஊர் எப்படி? தங்கச்சிய படிக்க அனுப்பலாமா?

தண்டையார்பேட்டை_பையன்:
வணக்கம் மக்களே. தங்கச்சிக்கு பாரிஸ் 8 யுனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் சீட் கிடைச்சிருக்கு. தெரு ஃபுல்லா பாரிஸ் பாரிஸ்னு சொல்லி ஸ்வீட்டும் குடுத்தாச்சு, அப்புறம் மேப்ப எடுத்துப் பாத்தா காலேஜ் பாரிஸ்லயே இல்ல, வடக்கால ஒட்டுன மாதிரி சான் தெனின்னு தனி ஊர். அப்பா ஹார்பர்ல வேல பாத்தவரு, லேசுல எதுக்கும் அசர மாட்டாரு, அவரே யூடியூப்ல ரெண்டு வீடியோ பாத்துட்டு கார கொளுத்துறானுங்கப்பா பொம்பள புள்ளய அங்கலாம் அனுப்ப முடியாதுன்னு உக்காந்துட்டாரு. நம்ம ஏரியா பேர கேட்டாலே பத்து மணிக்கு மேல ஆட்டோ வர மாட்டேங்குது, அதுல இருந்துகிட்டு நாம இப்படி பேசலாமான்னு நான் கேட்டேன், முறைக்கிறாரு. அங்க இருந்தவங்க யாராச்சும் உள்ளத உள்ளபடி சொல்லுங்க. ரூம், போக்குவரத்து, நம்ம சாப்பாடு, ராத்திரி நடமாட்டம் எல்லாமே.

திருவொத்தியூர்_ரிட்டர்ன்:
ப்ரோ, நான் அந்த ஊர்லயே லா ப்ளேன்ங்குற பக்கம் ஒரு ஆபீஸ்ல வேல பாத்தவன். அப்பா பாத்த வீடியோ பொய் இல்ல, ஆனா எந்த ஊர் வீடியோன்னு பாத்தாரான்னு கேளுங்க. 2005 அக்டோபர்ல போலீஸுக்கு பயந்து ஓடுன ரெண்டு பசங்க கரண்ட் சப்ஸ்டேஷனுக்குள்ள ஒளிஞ்சு ஷாக் அடிச்சு செத்துட்டாங்க, அதுல இருந்து மூணு வாரம் நாடு பூரா கார் எரிஞ்சுது. அது ஆரம்பிச்சது க்ளிஷி-சூ-புவாங்குற வேற ஊர்ல. ரெண்டு ஊரும் ஒரே மாவட்டம், நம்பர் 93, மாவட்டத்து பேரு சேன்-சான்-தெனி. ஊர் பேரும் மாவட்டத்து பேரும் ஒட்டி இருக்கறதால எந்த மூலைல என்ன நடந்தாலும் கெட்ட பேரு இந்த ஊருக்குத்தான் வருது.

அதுக்காக சொர்க்கம்னும் சொல்ல மாட்டேன். பிரான்ஸ் மெயின்லேண்ட்ல வறுமை ரொம்ப அதிகமான மாவட்டம் அதுதான். 1821ல கால்வாய் திறந்தாங்க, 1846ல வடக்க போற ரயில் வந்துச்சு, அப்புறம் பாரிஸுக்கு வேண்டிய கேஸ், கெமிக்கல், இரும்புன்னு எல்லா ஃபேக்டரியும் லா ப்ளேன்ல வந்து குந்திடுச்சு, விளக்கு எரியறது அங்க புகை இங்க. எண்ணூர்காரங்களுக்கு இத நான் விளக்க வேணாம். ஸ்பெயின், இத்தாலி, அல்ஜீரியா, மாலின்னு அல அலயா ஆளுங்க வேலைக்கு வந்தாங்க, 1970கள்ல இருந்து ஃபேக்டரி ஒவ்வொண்ணா இழுத்து மூடுனாங்க, வேல போச்சு ஆளுங்க அங்கயே இருந்துட்டாங்க. இப்ப அதே இடத்துல கண்ணாடி கண்ணாடியா ஆபீஸு, பிரெஞ்சு ரயில்வேயோட ஹெட் ஆபீஸே அங்கதான். காலைல ரயில்ல வந்து இறங்குற கூட்டம் சாயங்காலம் ரயில்லயே போயிடும், ஊருக்குள்ள ஒரு டீ கூட குடிக்காது. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன்.

அதனால ஊரையே ஒரே ஊரா பாக்காதீங்க. லா ப்ளேன் வேற, பசிலிக்கா இருக்கற நடு ஊர் வேற, வடக்க யுனிவர்சிட்டி பக்கம் வேற. ரூம் பாக்கும்போது எந்த தெரு, எந்த ஸ்டேஷன், ஸ்டேஷன்ல இருந்து எவ்ளோ நடைன்னு கேளுங்க. ராத்திரி ரயில்வே ஸ்டேஷன் வாசல்லயும் ட்ரெயின் கதவு கிட்டயும் போன கைல வச்சு நோண்டக்கூடாது, புடுங்கிட்டு ஓடிடுவான். மத்தபடி பகல்ல எங்க வேணா போலாம்.

வியாசர்பாடி_10ஆம்_நம்பர்:
இன்னாபா இது, சான் தெனின்னு சொல்லிட்டு ஸ்டேடியத்த பத்தி ஒருத்தரும் பேசல! 1998 வேர்ல்டு கப் ஃபைனல் அங்கதான், பிரேசில 3-0, ஜிதான் தலையால ரெண்டு. அந்த ஸ்டாட் த பிரான்ஸ் கட்டுனது பழைய கேஸ் கம்பெனி கெடந்த எடத்துலதான். 2024 ஒலிம்பிக்ஸ் ஓட்டப்பந்தயம் எல்லாம் அங்கதான் நடந்துச்சு. எம்பாப்பே வளந்த பொந்தியும் அதே 93தான். அப்பாகிட்ட இத சொல்லு நைனா, ஓகே சொல்லிடுவாரு.

தண்டையார்பேட்டை_பையன்:
@வியாசர்பாடி அப்பா கேரம் ஆளு ப்ரோ 😂 @திருவொத்தியூர் நன்றிண்ணே. பசிலிக்கான்னா சர்ச்சா? அம்மா அத கேக்குறாங்க. சாப்பாடும் யாராச்சும் சொல்லுங்க.

லாகூர்னவ்_அக்கா:
தம்பி, நான் யாழ்ப்பாணம், இருக்கிறது பக்கத்து ஊர் லா கூர்னவ்ல. சாப்பாட்டுக்கு யோசிக்காதேங்கோ. சான் தெனியில இருந்து டி1 ட்ராம் எடுத்தா நேர எங்கட ஊருக்கு வரும், இஞ்ச தமிழ்க்கடையள் கனக்க இருக்கு, கருவேப்பிலையில இருந்து இடியப்ப மா வரைக்கும் எல்லாம் வாங்கலாம். இன்னும் வேணுமெண்டா பாரிசுக்குள்ள லா ஷப்பல், அங்க பிள்ளையார் கோயில் தேர் ஓடேக்க பாக்கோணும், ரோட்டு முழுக்க தேங்காய் உடைப்பினம். சான் தெனியிலயே செவ்வாய், வெள்ளி, ஞாயிறு பெரிய சந்தை, மரக்கறி பாரிசை விட மலிவு.

ஓம், அது சேர்ச்தான், சின்னதில்லை. பிரான்ஸ் ராசாக்கள் கிட்டத்தட்ட எல்லாரையும் அதுக்குள்ளதான் அடக்கம் செய்தவை. கோதிக் கட்டடக்கலை எண்டு சொல்லுற அந்த உயரக் கண்ணாடி வேலைப்பாடு தொடங்கினதே அங்கதான், சுஜே எண்டொரு மடாதிபதி கட்டுவிச்சது, 1144ல திறந்தது. புரட்சிக்காரர் 1793ல கல்லறையளைக் கிண்டி எலும்புகளைக் குழியில கொட்டிப்போட்டாங்கள். பிறகு 1815ல பதினாறாம் லூயியையும் மரி அந்துவானெத்தையும் கொண்டுவந்து அதுக்குள்ள வச்சவை. என்ரை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனா ராணியின்ர சிலைக்கு முன்னால இருந்து எழும்பாதுகள். உங்கட தங்கச்சிக்கு காலேஜில இருந்து அடுத்த ஸ்டேஷன், அம்மாட்டைச் சொல்லுங்கோ.

திருவொத்தியூர்_ரிட்டர்ன்:
அக்கா சொன்னதுக்கு மேல சாப்பாட்டுல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. போக்குவரத்து மட்டும் சொல்லிடறேன். மெட்ரோ லைன் 13, கடைசி ஸ்டேஷன் பேரே சான் தெனி யுனிவர்சிட்டே, ஏறி வெளிய வந்தா எதிர்ல காலேஜ். பீக் அவர்ல மூச்சு விட எடம் இருக்காது. இன்னொரு விஷயம், இந்த லைன் லா ஃபூர்ஷ்ங்குற ஸ்டேஷன்ல ரெண்டா பிரியும், நம்ம பேசின் பிரிட்ஜ் தாண்டி ஒண்ணு கும்மிடிப்பூண்டி பக்கமும் ஒண்ணு அரக்கோணம் பக்கமும் போற மாதிரி, போர்ட பாக்காம ஏறுனா வேற ஊர்ல இறக்கி விட்டுடும். 2024 ஜூன்ல லைன் 14ஐ சான் தெனி ப்ளேயெல் வரைக்கும் நீட்டிட்டாங்க, டிரைவரே இல்லாத ட்ரெயின், இருபது நிமிஷத்துக்குள்ள பாரிஸ் நடுவுல இருக்கலாம். ஆனா ப்ளேயெல் காலேஜுக்கு கிட்ட இல்ல, ப்ரோக்கர் ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா நம்பாதீங்க.

ரூமுக்கு மொதல்ல க்ரூஸ்ங்குற கவர்மென்ட் ஸ்டூடன்ட் ஹாஸ்டல் ட்ரை பண்ணுங்க. கிடைக்கலன்னா வெளிய வீட்டுக்காரர் ஷ்யூரிட்டி கேப்பாரு, முப்பது வயசுக்குள்ள இருந்தா விசாலேன்னு ஒரு ஸ்கீம் இருக்கு, அவங்களே ஃப்ரீயா ஷ்யூரிட்டி நிப்பாங்க. பிரெஞ்சு எவ்ளோ வருதோ அவ்ளோ நல்லது, கிளம்பறதுக்குள்ள நுங்கம்பாக்கம் அலியான்ஸ் ஃபிரான்செஸ்ல ஒரு லெவலாச்சும் முடிக்க சொல்லுங்க.

தண்டையார்பேட்டை_பையன்:
அண்ணே ஒரே ஒரு டவுட். ஒரு ஆளு ஆன்லைன்ல ரூம் காட்டுறாரு, அட்ரஸ்ல "ஃபோபூர் சான் தெனி"ன்னு போட்டிருக்கு, காலேஜ் பக்கம்தான் அட்வான்ஸ் அனுப்புங்கன்றாரு. சரியா?

திருவொத்தியூர்_ரிட்டர்ன்:
அனுப்பிடாதீங்க! அது பாரிஸுக்குள்ள இருக்கற தெரு, சான் தெனி ஊருக்கு போற பழைய ரோடு, அக்கா சொன்ன லா ஷப்பல் கடைங்க அதுலதான் இருக்கு. பின்கோட பாருங்க, ஊருக்கு 93200, லா ப்ளேன் பக்கம் 93210. 75010னு இருந்தா பாரிஸ். 97400னு வந்தா அது ரீயூனியன் தீவோட தலைநகரம், அதுவும் சான் தெனிதான், இந்தியப் பெருங்கடல்ல இருக்கு. ரூம நேர்ல ஒருத்தர் போய் பாக்காம பைசா அனுப்பாதீங்க.

லாகூர்னவ்_அக்கா:
அந்த அட்ரஸை எனக்கு உள்பெட்டியில போடுங்கோ தம்பி, ஞாயிறு சந்தைக்குப் போகேக்க எட்டிப் பாத்துச் சொல்லுறன்.