எல்லையோர அனுபவப் பகிர்வு: பைத்தான் எந்த மாட்யூலை எங்கிருந்து எடுக்கிறது?

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன்.

என் அப்பா பத்திர எழுத்தர். 1956 நவம்பர் 1 வரை எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், அதற்கு முந்தைய ஆதாரங்களில் (பத்திரங்களில்) தேதி கொல்லம் ஆண்டில்தான் எழுதப்பட்டிருக்கும். வில்லங்கம் பார்க்கவும் பாகம் பிரிக்கவும் வருகிறவர்களுக்கு அந்த ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றிச் சொல்வது அப்பாவின் அன்றாட வேலை. கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. ஆகவே ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள நாள்களுக்கு 824-ஐயும், ஜனவரி முதல் ஆடிக் கடைசி வரை உள்ள நாள்களுக்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். 1132 துலாம் என்றால் 1956. அப்பா இதை மனத்திலேயே செய்துவிடுவார். எனினும் அவருக்குப் பின்னும் அலுவலகத்தில் யாராவது தவறின்றிச் செய்ய வேண்டும் என்பதற்காக 2015-ஆம் ஆண்டில் பைத்தான் என்ற நிரல்மொழியின் 2.7-ஆம் பதிப்பில் சிறிய நிரல் ஒன்றை எழுதினேன்.

நாள்காட்டி தொடர்பான நிரல் என்பதால் அந்தக் கோப்புக்குக் காலண்டர் என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்தேன். அது முதலில் கொல்லம் ஆண்டையும் மாதத்தையும் கேட்கும். பிறகு ஆதாரத்தின் பின்பக்கத்தில் பதிவு அலுவலகம் இட்ட ஆங்கிலத் தேதியைக் கேட்கும். அந்தத் தேதியை, பைத்தானோடு வரும் டேட்டைம் மாட்யூலில் (மாட்யூல் என்பது மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல்கோப்பு) தேதியைப் பிரிப்பதற்கென்று உள்ள ஸ்டிரிப்டைம் வழியாகப் பிரித்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சொல்லும். முதல் தடவை ஓட்டியபோது இரண்டு கேள்விகளையும் கேட்டது. நான் பதில் தந்ததும் அதே இரண்டு கேள்விகளையும் மறுபடி முதலிலிருந்து கேட்டது. மறுபடியும் பதில் தந்ததும், ஸ்டிரிப்டைம் என்ற பெயரே மாட்யூலில் இல்லை என்று பிழை காட்டி நின்றுவிட்டது. என் நிரலில் சுழற்சி எதுவும் கிடையாது. மூன்று இரவுகள் கணக்குப் பகுதியை வரிவரியாகப் படித்தேன். பிழை அங்கே இல்லாததால் எத்தனை முறை படித்தும் பயனில்லாமல் போயிற்று.

நடந்தது இதுதான். ஸ்டிரிப்டைம் முதல் முறை அழைக்கப்படும்போது, அது பைத்தானோடு வரும் காலண்டர் மாட்யூலை உள்ளே அழைக்கிறது. கிழமைகளின் பெயர்களும் மாதங்களின் பெயர்களும் அதற்கு அங்கிருந்துதான் வர வேண்டும். பைத்தானோ மாட்யூலைத் தேடப் புறப்படும்போது, ஓடிக்கொண்டிருக்கும் நிரல் கிடக்கும் கோப்புறையை முதலில் பார்க்கிறது. பைத்தான்பாத் என்ற சூழல் மாறியில் நாம் குறித்த இடங்கள் அதற்கு அடுத்து வருகின்றன. பைத்தானின் சொந்த நூலகம் அதற்கும் பின்னால். நாம் பிப் என்ற நிறுவும் கருவி கொண்டு சேர்த்தவை இருக்கும் சைட்-பேக்கேஜஸ் கடைசியில். முதல் இடத்திலேயே காலண்டர் என்ற பெயரில் என் கோப்பு கிடைத்துவிட்டதால் அதையே எடுத்து ஓட்டியது. அந்தக் கோப்புதான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதே என்று கேட்கலாம். நாம் நேரடியாக ஓட்டும் கோப்பு எதுவானாலும் அதை மெயின் என்ற பெயரில்தான் பைத்தான் தன் பட்டியலில் எழுதி வைக்கிறது. காலண்டர் என்ற பெயரில் பட்டியலில் எதுவும் இல்லாததால், அதே கோப்பைப் புதியதொரு மாட்யூலாக எண்ணி மேலிருந்து மறுபடி ஓட்டியது. இரண்டாவது ஓட்டம் ஸ்டிரிப்டைமை அழைத்தபோது, ஸ்டிரிப்டைமுக்கென்று பைத்தானுக்குள் இருக்கும் தனி மாட்யூல் பாதி ஏறிய நிலையில் நின்றிருந்தது. அதனால்தான் அந்தப் பெயர் அங்கே இல்லை என்ற பிழை வந்தது.

இதை எனக்குக் காட்டியவர் புனலூரில் இருக்கும் நண்பர். நிரலைப் படிப்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பெயருக்கு எந்தக் கோப்பைத் தேர்ந்தெடுப்பாய் என்று பைத்தானிடமே கேளுங்கள் என்றார். அன்று இம்ப் மாட்யூலில் இருந்த ஃபைண்ட்_மாட்யூல் கொண்டு கேட்டேன். விடையாக என் கோப்புறையின் பாதையே வந்தது. (இம்ப் 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது இம்போர்ட்லிப்.யூட்டிலில் உள்ள ஃபைண்ட்_ஸ்பெக் இந்த வேலையைச் செய்கிறது. வேறு மாட்யூலுக்குள் அடங்காத மேல்நிலை மாட்யூல் என்றால் கோப்பை ஓட்டாமலேயே இடத்தை மட்டும் சொல்லிவிடும் என்பதால், ஓட்டினாலே கேள்வி கேட்கும் என் நிரலைப் போன்றவற்றுக்கு இதுவே ஏற்றது.)

கோப்பின் பெயரைக் கொல்லம் என்று ஆங்கில எழுத்தில் மாற்றினேன். பிழை அப்படியே இருந்தது. பைத்தான் 2, ஒரு மாட்யூலை முதன்முறை ஏற்றும்போதே அதன் தொகுத்த வடிவத்தை பி.ஒய்.சி என்ற நீட்சியோடு அதே கோப்புறையில் எழுதிவைக்கும். மூலக்கோப்பை நாம் அகற்றிய பின்னும் அந்தத் தொகுத்த கோப்பைக் கண்டால் அதையே ஏற்றும். பழைய காலண்டரின் தொகுத்த வடிவம் அங்கேயே கிடந்ததை நான்காவது நாள்தான் கண்டு அழித்தேன். பைத்தான் 3.2 முதல் இவை பைகேஷ் என்ற தனிக் கோப்புறைக்குப் போகின்றன; மூலக்கோப்பு இல்லாவிட்டால் அங்கிருப்பது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. 3.13-இலோ, உங்கள் கோப்பின் பெயர் நூலக மாட்யூலின் பெயரோடு மோதுகிறது, மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள் என்று பிழைச்செய்தியே சொல்கிறது. இந்த ஒரு வரியைச் சேர்த்தவர்களுக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன்.

ஆந்திர எல்லையிலுள்ள நகரியிலிருந்து எழுதுகிறேன்.

செங்கோட்டை அண்ணன் எழுதியதைப் படித்தபோது என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஏனெனில் நான் கோப்பைத் தனிக் கோப்புறைக்குள் ஒழுங்காக வைத்திருந்தும் அதே குழியில் விழுந்தேன்.

எங்கள் குடும்பத்துக்கு விசைத்தறிகள் உண்டு. வாரக் கூலிச் சீட்டில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் அச்சிடுகிறோம். தறியில் இருப்பவர்களில் சிலருக்குத் தமிழிலும் சிலருக்குத் தெலுங்கிலும் வேண்டும். அதற்காகக் கூலி என்ற பேக்கேஜுக்குள் (மாட்யூல்களை அடுக்கிவைக்கும் கோப்புறைக்குள்) தமிழ், தெலுங்கு என இரண்டு உட்கோப்புறைகளை அமைத்து, ஒவ்வொன்றிலும் எண்களைச் சொல்லாக மாற்றும் மாட்யூலுக்கு நம்பர்ஸ் என்றும், சீட்டை அச்சிடும் மாட்யூலுக்கு ரெசீட் என்றும் ஒரே பெயர்களை வைத்தேன். எந்த மொழி வேண்டும் என்பதை அறிந்து, அந்தப் பெயரைச் சரமாக, அதாவது வெறும் எழுத்துத் தொடராகத் தந்து இம்போர்ட்_மாட்யூல் வழியாக ஏற்றுவது முதன்மை நிரலின் வேலை. ஒரே மாதிரிப் பெயர்கள் இருந்ததால் முதன்மை நிரலில் மொழிக்கென்று தனி வரி எதுவும் தேவைப்படவில்லை. இந்த அமைப்பு எனக்கு இன்றும் பிடித்திருக்கிறது. இரண்டு ஆண்டுகள் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடியது.

ஒரு சனிக்கிழமை, தமிழ்ச் சீட்டில் ‘தொண்ணூற்று’ என்ற சொல்லை மட்டும் திருத்த வேண்டியிருந்தது. தமிழ்க் கோப்புறைக்குள் போய் ரெசீட் கோப்பை நேரடியாக ஓட்டினேன். டெசிமல் மாட்யூலை அழைக்கும் முதல் வரியிலேயே, நம்பர்ஸ் மாட்யூலில் நம்பர் என்ற பெயர் இல்லை என்று பிழை வந்தது. பைத்தானின் நூலகத்திலும் நம்பர்ஸ் என்று ஒரு மாட்யூல் இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. டெசிமலும் ஃப்ராக்‌ஷன்ஸும் அதை நம்பித்தான் இருக்கின்றன. பேக்கேஜாக ஏற்றும்போது என் கோப்பின் முழுப்பெயர் கூலி, தமிழ், நம்பர்ஸ் என மூன்றும் சேர்ந்தது. நூலகத்துடையது வெறும் நம்பர்ஸ். இரண்டுக்கும் மோதல் இல்லை. உள்ளே இருக்கும் கோப்பைத் தனியாக ஓட்டியபோதோ, அந்த உட்கோப்புறையே தேடும் பட்டியலின் முதல் இடத்துக்கு வந்துவிட்டது. நாம் நிற்கும் இடம் இங்கே கணக்கில் இல்லை, ஓட்டப்படும் கோப்பு இருக்கும் இடம்தான் கணக்கு என்பதை நான் அப்போதுதான் கற்றேன். வெளியே நின்றுகொண்டு அதே கோப்பைப் பாதையோடு ஓட்டிப் பார்த்தும் அதே பிழைதான் வந்தது.

நம்பர்ஸ் என்ற பெயரைச் சொல் என்று மாற்றினேன். உடனே அதற்கு அடியில் மறைந்திருந்த அடுத்த பிழை வெளிப்பட்டது: தாய்ப் பேக்கேஜ் எது என்று தெரியாமல் சார்பு இம்போர்ட் செய்ய முடியாது என்றது. ரெசீட்டில் சொல் மாட்யூலைப் புள்ளி வைத்து, இதே பேக்கேஜில் உள்ளது என்ற பொருளில் அழைத்திருந்தேன்; கோப்பைத் தனியாக ஓட்டினால் அதற்குத் தாய் ஏது? சரியான வழி, பேக்கேஜுக்கு மேலே உள்ள கோப்புறையில் நின்று, பைத்தானுக்கு -எம் என்ற விருப்பத்தைத் தந்து, கோப்புப் பாதைக்குப் பதிலாகப் புள்ளியிட்ட முழுப்பெயரைச் சொல்வதாகும். அப்போது முதல் இடம் நாம் நிற்கும் கோப்புறைக்குக் கிடைக்கிறது, தாயும் தெரிகிறது. அப்படி ஓட்டியபோது, பழைய நம்பர்ஸ் என்ற பெயரைத் திரும்ப வைத்தும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பைத்தான் 3.11 முதல் -பி என்ற பெரிய எழுத்து விருப்பம் ஒன்றும் இருக்கிறது; அதைத் தந்தால் அந்த முதல் இடம் பட்டியலில் சேர்க்கப்படுவதே இல்லை. இருந்தாலும் சொல் என்ற பெயரையே வைத்துக்கொண்டேன். எனக்குப் பின் இதைத் தொடப்போவது என் தங்கை மகன், அவனும் உட்கோப்புறைக்குள் போய்த்தான் ஓட்டுவான்.

பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன்.

நான் இங்கே தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவன். மேலே இருவரும் சொன்னவை ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்ததால் வந்தவை. எனக்கு நேர்ந்தது, இருக்கும் ஒரே கோப்பையும் பைத்தான் காணாதது. தமிழில் பெயர் வைக்கிற ஒவ்வொருவருக்கும் இது என்றாவது வரக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகள் தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஊர்வாரியாக வழக்குச் சொற்களைச் சேகரித்தார்கள். பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம் என்பதால், ஊருக்கு ஒரு மாட்யூல் என்று வைத்து, வாளையார், சித்தூர், மீனாட்சிபுரம், கொடுவாயூர், கோவிந்தாபுரம், கொழிஞ்சாம்பாறை என்று கோப்புகளுக்கும் தமிழிலேயே பெயரிட்டோம். தம் ஊரின் பெயரையே இம்போர்ட் செய்வதில் பிள்ளைகளுக்கு இருந்த மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன். அந்த மகிழ்ச்சி பத்து நிமிடம்தான் நீடித்தது. முதல் மூன்று ஊர்களும் ஏறின. பின் மூன்றும், எங்கள் சொந்த ஊர் உட்பட, அப்படியொரு மாட்யூலே இல்லை என்று வந்தன. கோப்புறையைத் திறந்தால் கோப்புகள் கண்ணெதிரே இருக்கின்றன. பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். எந்த வேறுபாடும் தெரியவில்லை.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கவனித்துச் சொன்னாள்: ஏறாத மூன்றும் கொ அல்லது கோ என்று தொடங்குகின்றன. அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. ஒகர உயிர்மெய்யை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: முன்னே கொம்பும் பின்னே காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எங்கள் ஊர்ப்பட்டியல் பழைய எழுத்துருவில் இருந்ததை மாற்றிக் கொண்டுவந்தது. அந்த மாற்றி இரண்டு குறிகளாகவே விட்டிருந்தது, கோப்புப் பெயர்களும் அப்படியே அமைந்துவிட்டன. நிரலுக்குள் நாம் எழுதும் பெயர்களையோ பைத்தான் என்.எஃப்.கே.சி என்ற முறையில் ஒழுங்குபடுத்தி, கொம்பையும் காலையும் ஒரே குறியாக இணைத்துவிடுகிறது. எங்கள் கணினிகளில் இருக்கும் லினக்ஸ் கோப்பு முறைமை அப்படி எதையும் இணைப்பதில்லை; குறிகள் வேறானால் அதற்குப் பெயரும் வேறுதான். ஆகவே பைத்தான் தேடிய பெயரில் கோப்பு இல்லை என்பது முழு உண்மை.

எண்ணிப் பார்த்தால் தெளிவாகத் தெரிந்தது. கொழிஞ்சாம்பாறை என்ற பெயரின் நீளத்தைக் கேட்டால், சரியாக எழுதியதற்குப் 14 என்றும், கோப்புறையிலிருந்து பட்டியலிட்டு எடுத்த பெயருக்கு, நீட்சியை நீக்கிய பின், 15 என்றும் வந்தது. பட்டியலில் கிடைத்த அதே சரத்தை நகரிச் சகோதரி சொன்ன இம்போர்ட்_மாட்யூலுக்குத் தந்தபோது ஊர் உடனே ஏறியது. சரமாகத் தரும் பெயரை அது ஒழுங்குபடுத்துவதில்லை, தந்தபடியே தேடுகிறது. இதைக் கண்டபின் மனம் அமைதியானது. யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் கொண்டு பெயர்களை இணைந்த வடிவுக்கு மாற்றிக் கோப்புகளை மறுபெயரிட்டோம். ஆறு ஊர்களும் ஏறின.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊடாடும் சாளரத்தில் ஒரு மாட்யூலை ஏற்றிய பின் கோப்பைத் திருத்திவிட்டு மறுபடி இம்போர்ட் என்று தந்தால் திருத்தம் வராது; ஒருமுறை ஏறியதை ஸிஸ்.மாட்யூல்ஸ் பட்டியலில் வைத்துக்கொண்டு அதையே திருப்பித் தருகிறது. இம்போர்ட்லிப்பின் ரீலோட் புதியதை ஏற்றும், ஆனால் ஃப்ரம் என்று எழுதித் தனியே எடுத்துவைத்த பெயர்கள் பழையவற்றையே சுட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பிள்ளைகளிடம் சாளரத்தை மூடித் திறக்கச் சொல்கிறேன்.

மீண்டும் செங்கோட்டையிலிருந்து.

ஆசிரியருக்கு நன்றி. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தபோதே அப்பாவின் நிரலை 3-க்கு மாற்றிவிட்டேன். ஆனால் கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலேயே விட்டிருந்தேன். நேற்றிரவு அதைக் கொல்லம் என்று தமிழிலேயே மாற்றினேன். இம்போர்ட் செய்வதற்கு முன், கோப்புறையைப் பட்டியலிட்டு, நீட்சியை நீக்கிப் பெயரின் நீளத்தைக் கேட்டேன். ஏழு என்று வந்தது.