நாலு சிலிண்டர் சின்ன ஜீப்: லீற்றருக்கு எவ்வளவு, மணலில் எப்படி?

நல்லூரிலிருந்து:

என்னிடம் இருப்பது சுசுக்கி எஸ்ஜே 413 ஜீப், 1.3 லீற்றர் எஞ்சின். "பெற்றோல் நல்லாக் குடிக்குமாமே?" என்று கேட்காத ஆள் இல்லை. 2022-இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், கியூஆர் கோட்டுக்குப் பங்கீடாகக் கிடைத்ததை வைத்தே வாரத்தைக் கழித்தபோது ஒரு கொப்பி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் தாங்கியை வாய்மட்டம் நிரப்பி, ஓடிய தூரத்தை எழுதி வைத்தேன்.

ஏ9 வீதியில் 65-இல் போனால் லீற்றருக்கு 12 கிலோமீற்றர். அதே வீதியில் 90-இல் மிதித்தால் 9. பெட்டி மாதிரி உடம்பு, எதிர்க்காற்றை முகத்தால் தள்ளிக்கொண்டு போகிறது. ஐந்தாவது கியரிலும் எஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அந்தக் கியர்கள் மேட்டுக்கும் மணலுக்கும் போட்டவை. ரவுணுக்குள் 9 கிடைத்தால் சந்தோசம்.

ஆரம்பத்தில் கொப்பிக் கணக்கு இதைவிட மோசம். காபரேற்றரைக் கழுவினேன், பிளக் மாற்றினேன், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் கராஜ் அண்ணை ரயரைக் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, எஞ்சின்ல பிழையில்லை, மீற்றர்தான் பொய் சொல்லுது" என்றார். முதல் சொந்தக்காரர் பெரிய 235/75 ரயர் போட்டிருந்தார். மீற்றரோ 205/70 அளவுக்கு அமைத்தது. அது 100 காட்டும்போது உண்மையில் 110-க்குக் கிட்ட ஓடியிருக்கும். அதோடு பெரிய ரயரில் இழுவையும் செத்துப்போகும். ஆனையிறவில் காற்று எதிரே அடித்தால் நாலாவது கியருக்கு இறங்கியே ஆகவேண்டும். 205-க்கே திரும்பிவிட்டேன்.

பவர் விசயம் வடமராட்சி மணற்காடு கிராமத்தில்தான் விளங்கியது. மணல் மூடிய பழைய தேவாலயத்துக்குக் கிட்ட ஒரு பெரிய டீசல் பிக்கப் அச்சுவரை புதைந்து நின்றது. என்னுடையதற்குக் குதிரைவலு அறுபது சொச்சம்தான். நானும் இறங்கப் பயந்து நின்றேன். வலை பின்னிக்கொண்டிருந்த ஐயா ஒருவர், "தம்பி, முதல்ல காத்தை இறக்குங்கோ, பிறகு நிப்பாட்டாமப் போங்கோ" என்றார். நாலு ரயரிலும் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கி, நாலு சில்லும் மெல்ல இழுக்கும் 'லோ'வில் இரண்டாவது கியர் போட்டு, அக்சிலேற்றரை விடாமல் ஒரே சீராக மிதித்துப் போனேன். மெல்ல ஏறிப் போய்விட்டது. லோ போட்டால் சில்லுக்குப் போகும் இழுவை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். வண்டியோ ஆயிரம் கிலோகூட வராது, மணல் அதைத் தாங்குகிறது. ஆனால் அன்று மணலில் லீற்றருக்கு 5-தான் வந்திருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். பிக்கப்பை நாங்கள் பனைமட்டை அடுக்கித்தான் வெளியே எடுத்தோம்.

சாவகச்சேரியிலிருந்து:

90-களின் தொடக்கத்தில் போரால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடையிருந்த காலம் நினைவுக்கு வந்தது. அப்பாவின் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் தாங்கியது, ஆனால் இழுவை குறைந்துவிடும், வீதியெல்லாம் புகை. அந்தக் காலத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, சிவப்பு விளக்கில் எஞ்சினை நிறுத்தாமல் நிற்க எனக்கு இன்றைக்கும் மனம் வராது.

பருத்தித்துறையிலிருந்து:

இதே குடும்பத்துச் சுசுக்கி ஜிம்னி வாங்க நினைப்பவர்கள் எந்த எஞ்சின் என்று முதலில் கேளுங்கள். ஜப்பானிலிருந்து வந்தவற்றில் பல 660 சீசீ, மூன்று சிலிண்டர் ரேபோ. அது வேறு சாமான். என்னுடையது நாலு சிலிண்டர் 1328 சீசீ, இன்ஜெக்சன். நல்லூர் அண்ணை சொன்ன அதே 65-இல் எனக்கு 13 வருகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: எங்கள் உப்புக்காற்றில் எஞ்சினுக்கு முன் தகடுதான் போகும். வாங்கும் முன் கால்மிதியைத் தூக்கி, கீழ்த்தகட்டை ஒரு ஸ்பானரால் தட்டிப் பாருங்கள். "டொக்" என்று கேட்டால் உள்ளே கறள்.