அட்ரஸபிள் ஃபயர் அலாரம்: முகவரியா, விளியா?

எல்லாருக்கும் வணக்கமுங்க.

கலைச்சொல் தேடும் நம் குழுவில் போன வாரத்து மடல்களைப் பார்த்தால், ஃபயர் அலாரத்தில் ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் இருக்கிற வகையைக் குறிக்கும் அட்ரஸபிள் என்பதற்கு ‘முகவரியிடத்தக்க’ என்றே முடிவாகிவிடும் போலிருக்கிறது. கோவை, பல்லடம் பக்கத்து நூல் மில்களில் ஃபயர் அலாரம் மாட்டிப் பராமரிக்கிற வேலையைத்தான் பதினெட்டு வருசமாகப் பார்க்கிறேன். சொல் வாயில் நுழையவில்லை என்பது கிடக்கட்டும், பொருளே தப்பு என்பதுதான் என் வழக்கு.

பழைய பேனலில், அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில், ஜோன் (பகுதி) கணக்கு. ஒரு ஜோனுக்கு இரண்டு ஒயர், அதில் புகையையோ வெப்பத்தையோ கண்டுபிடிக்கும் டிடெக்டர் (நாங்கள் ஹெட் என்போம்) இருபது, கடைசியில் ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடை. பேனல் அந்த ஒயரில் ஓடும் மின்னோட்டத்தை மட்டும் கவனிக்கும். ஓட்டம் கூடினால் தீ, நின்றுபோனால் ஒயர் அறுந்திருக்கிறது. ‘ஜோன் 3’ என்று விளக்கு எரியும், அவ்வளவுதான். இருபதில் எது என்று சிவப்பு விளக்கைத் தேடி, அண்ணாந்து பார்த்தபடியே குடோன் முழுக்க நடக்க வேண்டும். பஞ்சு குடோனில் பேல் (பஞ்சுப் பொதி) அடுக்கு கூரையைத் தொடுகிற மாதிரி நிற்கும்போது அந்த விளக்கு கண்ணில் படுவது பெரும்பாடு.

புதிய வகையில் ஒயர் பேனலிலிருந்து கிளம்பி, ஊரைச் சுற்றிவிட்டு, பேனலுக்கே திரும்பி வரும். லூப். ஓரிடத்தில் அறுந்தாலும் பேனல் இரண்டு முனையிலிருந்தும் பேசிக்கொள்ளும். லூப்பில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. சில மாடலில் ஹெட்டின் அடியில் ஏழு குட்டி ஸ்விட்ச் இருக்கும்: 1, 2, 4, 8, 16, 32, 64. எண் 37 வேண்டுமென்றால் முதலாவது, மூன்றாவது, ஆறாவது ஸ்விட்சைப் போட வேண்டும். ஏழு ஸ்விட்சில் 127 வரை எண் வைக்கலாம்.

அப்புறம் பேனல் செய்கிற வேலைதான் முக்கியம். அது ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடுகிறது. “36?” பதில் வரும். “37?” பதில் வரும். பதில் வராவிட்டால் ஃபால்ட், அதாவது கோளாறு. ஷிப்ட் ஆரம்பத்தில் சூப்பர்வைசர் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டு ஆள் எடுக்கிற மாதிரியேதான். ராப்பகலாக ஓயாமல் நடக்கிறது.

முகவரி என்றால் வீட்டோடு இருக்க வேண்டும் இல்லையா? இது ஆளோடு போகிறது. ஒரு மில்லில் ஹெட்களையெல்லாம் கழற்றித் தூசி ஊதிவிட்டுத் திரும்ப மாட்டியவர்கள் இரண்டை இடம் மாற்றி மாட்டிவிட்டார்கள். இரண்டும் ஒரே வகைப் புகை ஹெட். கூப்பிட்டதற்கு இரண்டும் ஒழுங்காகப் பதில் சொல்லின, பேனலுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வேஸ்ட் குடோனில் வெல்டிங் புகை. பேனல் ‘ஆபீஸ் மாடி’ என்றது. எல்லாரும் பக்கெட்டோடு மாடிக்கு ஓடினார்கள், நானும்தான். ‘ஆபீஸ் மாடி’ என்பது நாங்கள் கீபோர்டில் தட்டிச் சேர்த்த பெயர். பேனலுக்குத் தெரிந்தது எண் மட்டுமே.

ஆங்கிலத்தில் அட்ரஸ் என்பதற்கு வீட்டு விலாசம் என்றும் பொருள், ஒருவரை விளித்துப் பேசுவது என்றும் பொருள். நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். இரண்டாவதற்கு நம் இலக்கணத்தில் விளி வேற்றுமை என்று ஒரு வேற்றுமையே இருக்கிறது. ஆகவே என் முன்மொழிவு: எண்ணுக்கு ‘விளியெண்’, அமைப்புக்கு ‘விளியெண் தீயறிவிப்பு’. பழையதற்குப் ‘பகுதிவகை’ போதும்.

இன்னொன்று. டிடெக்டர், சென்சார் இரண்டுக்கும் ‘உணரி’ என்றே போடுகிறோம். பழைய ஹெட் தானே பார்த்துத் தானே தீ என்று முடிவெடுக்கும், அது கண்டறிவி. புதியது அளவை மட்டும் சொல்லும், முடிவு பேனலுடையது. புகை ஹெட்டுக்குள் ஓர் இருட்டறை. அதில் ஓர் எல்இடி அகச்சிவப்பு ஒளியை விடுகிறது. ஒளி நேராக விழாதபடி ஒதுங்கி, ஒளியை உணரும் ஒரு போட்டோடயோடு உட்கார்ந்திருக்கிறது. புகை நுழைந்தால் ஒளி சிதறி அதன்மேல் படும். காலை வெயில் ஜன்னல் வழியாகப் பஞ்சைச் சீவுகிற கார்டிங் பிரிவில் விழும்போது பஞ்சுத் தூசி மினுங்குமே, அதே கதை. ஒரு வகை, சுத்தமான காற்றில் 25 என்று சொல்லும், 55ஐத் தொட்டால் பேனல் தீ என்று சொல்லும். தூசி படிந்து மாதக்கணக்கில் மெல்ல ஏறினால் அது அழுக்கு, சட்டென்று ஏறினால் புகை என்று பிரிக்கவும் பேனலுக்குத் தெரியும். இதைத்தான் ‘புகை உணரி’ என்று சொல்ல வேண்டும். வெப்ப ஹெட்டும் அப்படியே, உள்ளே வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர். கேன்டீனில் புகை ஹெட்டை மாட்டாதீர்கள், தாளிக்கும்போதெல்லாம் ஹூட்டர் (அபாயச் சங்கு) அடிக்கும்.

மறுமடல், ஈரோட்டிலிருந்து:

தம்பி, டோக்கன் உவமை நன்று. இரண்டு தடை சொல்கிறேன். ஒன்று, எங்கள் கல்லூரியில் மாட்டியிருக்கிற வகையில் எண் ஹெட்டில் இல்லை. ஹெட்டை மாட்டுவதற்காகக் கூரையில் பொருத்திய தட்டில் ஒரு பிளாஸ்டிக் அட்டை சொருகியிருக்கிறது, ஹெட்டை மாட்டும்போது அதன் முளைகள் அழுத்தி எண்ணைச் சொல்லிக்கொடுக்கின்றன. ஹெட்டை மாற்றினாலும் எண் இடத்தோடுதான் நிற்கிறது. அங்கே முகவரி பொருந்துகிறதே? இரண்டு, விளிதல் என்றால் சாதல் என்றும் பொருள் உண்டு. குறளில் ‘விளிந்தார்’ இறந்தவர். தீயறிவிப்புக்கு இந்தப் பெயர் வேண்டுமா?

மறுமடல்:

ஐயா, அட்டை விசயத்தை ஒப்புக்கொள்கிறேன். மேலே சொன்ன கூத்து நடக்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் எண் தட்டில் இருந்தாலும் ஹெட்டில் இருந்தாலும் பேனல் கூப்பிடுவதும் அது பதில் சொல்வதும் மாறவில்லை. எல்லா மாடலுக்கும் பொதுவாக இருப்பது அந்த ஒன்றுதான். சாவு என்ற பொருள் இன்று பேச்சில் எங்கே இருக்கிறது? ‘விளித்தான்’ என்றால் பள்ளிப் பையனுக்கும் கூப்பிட்டான் என்றுதான் படும். ‘அழைப்பெண்’ என்று மாற்றலாம் என்றால், அதைப் போன் நம்பருக்குக் கொடுத்துவிட்டோம்.

நேற்று அவிநாசி ரோட்டு மில் ஒன்றில் பேனல் கதவின் உட்பக்கம் ‘விளியெண், இடம்’ என்று இரண்டு கட்டம் போட்டு அட்டவணை ஒட்டினேன். இன்று காலையில் அங்கிருக்கிற எலக்ட்ரீசியன் தம்பி போன் பண்ணினான்: “ஏனுங்ணா, வி 37 பதில் சொல்ல மாட்டேங்குதுங்ணா.” ஏணியோடு கிளம்புகிறேன், மீதியை ராத்திரிக்கு எழுதுகிறேன்.